மலை விளிம்பில் ஒரு விமானத் தளம்
(லுக்லாவின் வரலாறும் 2008-ஆம் ஆண்டு விபத்தும்)



யூபிலி மலர் என்றால் அதில் கட்டியவர்களின் கதை இடம்பெற வேண்டும் என்பது முறை. நிலம் கொடுத்தவர் யார், கல் சுமந்தவர் யார், தடை வந்தபோது தோள் கொடுத்தவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் நம் எல்லோருக்கும் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. நம் ஆலயத்தைப் பற்றிய அத்தகைய செய்திகளை இம்மலரின் பிற பக்கங்களில் காண்பீர்கள். இக்கட்டுரையிலோ நாம் உங்களை வெகு தொலைவில் உள்ள வேறொரு கட்டுமானத்துக்கு அழைத்துச் செல்ல விழைகிறோம். அது கோயிலும் அன்று, கோபுரமும் அன்று. இமயமலைச் சரிவில் ஊர் மக்கள் ஒன்றுகூடி உருவாக்கிய ஒரு சிறு விமானத் தளம். நேபாள நாட்டில் உள்ள அவ்வூரின் பெயர் லுக்லா.

2008-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் காலையில், அத்தளத்தில் இறங்க வந்த ஒரு சிறு விமானம் மலையில் மோதித் தீப்பற்றியது. அதில் இருந்த பத்தொன்பது பேரில் பதினெட்டுப் பேர் மாண்டனர். நோயாளிகளுக்கு உதவவென்று கட்டப்பட்ட ஓரிடத்தில் இத்துணைப் பெரிய துயரம் ஏன் நேர்ந்தது? அங்கே தளம் அமைத்தவர் செய்தது தவறா? விமானியின் பிழையா? அல்லது விதி என்று சொல்லி விட்டுவிடத் தக்கதா? இக்கேள்விகளுக்கு விடை காண வேண்டுமானால் விபத்து நடந்த அந்தச் சில நிமிடங்களை மட்டும் பார்த்தால் போதாது. நாற்பத்து நான்கு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நடந்தே செல்ல வேண்டிய நாடு

1953-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள், நியூஸிலாந்து நாட்டு எட்மண்ட் ஹில்லாரியும் ஷெர்ப்பா இனத்தவரான டென்சிங் நார்கேயும் எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் கால் பதித்தனர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் அவர்கள் சிகரத்தின் அடிவாரத்தை அடைவதற்கே எவ்வளவு பாடுபட்டனர் என்பதைப் பலர் அறியார். காட்மாண்டு பள்ளத்தாக்கிலிருந்து புறப்பட்டு, சுமை தூக்கும் ஆட்களோடு, மலை ஏறியும் ஆற்றைக் கடந்தும், இரண்டு வாரத்துக்கும் மேலாக அவர்கள் நடந்தே சென்றார்கள். வேறு வழியே இல்லை. மலையேற வந்தவருக்கு அந்த நடை ஒருமுறைத் துன்பம். அங்கேயே பிறந்து வாழ்ந்த ஷெர்ப்பா மக்களுக்கோ அதுவே வாழ்நாள் முழுவதும் இருந்த நிலைமை. உப்பு வேண்டுமென்றாலும் நடை, துணி வேண்டுமென்றாலும் நடை. நோய் வந்தால் நடக்கவும் முடியாது.

ஹில்லாரி புகழ் பெற்றபின் அந்த மக்களை மறக்கவில்லை என்பதுதான் அவருடைய வாழ்வின் சிறந்த பகுதி எனலாம். சிகரம் ஏறியது ஒரு நாள் வேலை. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அவர் அம்மலைநாட்டுக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தார். இமாலய அறக்கட்டளை என்னும் அமைப்பை 1960-இல் தொடங்கினார். ஊரார் கேட்டுக்கொண்டபடி கும்ஜுங் என்னும் ஊரில் 1961-இல் ஒரு பள்ளிக்கூடம் எழுந்தது. அதன்பின் வேறு ஊர்களும் பள்ளி கேட்டன, பாலம் கேட்டன, மருத்துவமனை கேட்டன.

மருத்துவமனையின் தேவை மிகப் பெரியதாக இருந்தது. அயோடின் சத்துக் குறைவினால் அப்பகுதியில் கழுத்துக் கழலை நோய் மிகுந்திருந்தது. அக்குறையினாலேயே பிறவியிலிருந்து மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் பலர் இருந்தனர். சின்னஞ்சிறு மருந்தொன்று உரிய காலத்தில் கிடைத்தால் தடுக்கக்கூடிய கேடு அது. ஆனால் மருந்தும் மருத்துவரும் அங்கே போய்ச் சேர வேண்டுமே! குண்டே என்னும் ஊரில் மருத்துவமனை கட்டுவதென்று முடிவாயிற்று. அதற்கான பொருள்களை எல்லாம் ஆள்முதுகில் ஏற்றிப் பல நாள் நடத்திக் கொண்டுசெல்வது எளிதான காரியமா? அருகில் ஒரு விமானத் தளம் இருந்தால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் எழுந்தது.

தளம் பிறந்த கதை

முதலில் அவர்கள் தேடியது தாழ்வான இடத்தில் உள்ள சமமான விளைநிலத்தையே. ஆனால் விளைநிலத்தை விட்டுக்கொடுக்க உழவர்கள் இசையவில்லை. அவர்களைக் குறை கூற இயலுமா? மலைநாட்டில் சமமான நிலம் என்பது பொன்னினும் அரிது. அதில் விளையும் கிழங்கும் தானியமுமே ஆண்டு முழுவதற்கும் உணவு. ஆகவே தேடல் மேலே சென்றது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,850 மீட்டர் உயரத்தில், தூத்கோசி ஆற்றின் பள்ளத்தாக்குக்கு மேலே தொங்குவது போல் அமைந்த லுக்லா என்னும் சிற்றூரில் ஒரு சரிவான மேடு கிடைத்தது. நில உரிமையாளர்களான ஷெர்ப்பாக்களுக்கு 2,650 டாலர் கொடுத்து அந்த நிலம் வாங்கப்பட்டது. இது நடந்தது 1964-ஆம் ஆண்டு.

அதன்பின் ஊர் மக்கள் வேலைக்கு வந்தனர். செடிகொடிகளை வெட்டினர், பாறைகளைப் புரட்டினர், மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பினர். இயந்திரம் ஏதும் இல்லை. வெட்டிப் போட்ட மண் இளகிக் கிடந்தது. அதை அழுத்த உருளை வேண்டும். உருளைக்கு எங்கே போவது? ஷெர்ப்பாக்களுக்குக் கைகோத்து நின்று தரையை ஓங்கி மிதித்து ஆடும் ஒரு நடனம் உண்டு. ஹில்லாரி அவர்களுக்கு உள்ளூர் மதுவை வாங்கிக் கொடுத்து, அந்த நடனத்தை அந்த மண்ணின்மேல் ஆடச் செய்தார் என்றும், அவ்வாறே தளம் இறுகியது என்றும் சொல்லப்படுகிறது. விமானத் தளத்தை ஆடியே கட்டிய ஊர் உலகில் வேறு எங்கேனும் உண்டோ, நாம் அறியோம்!

குண்டே மருத்துவமனை 1966-இல் திறக்கப்பட்டது. அயோடின் ஊசி போடும் பணி உடனே தொடங்கியது. அந்தப் பகுதியில் அதன்பின் பிறந்த குழந்தைகள் அந்தப் பழைய நோயிலிருந்து காக்கப்பட்டனர். ஆகவே தளம் எந்த நோக்கத்துக்காகக் கட்டப்பட்டதோ அந்த நோக்கம் நிறைவேறியது என்பதை நாம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தளத்தின் அமைப்பு

நிற்க. அத்தளம் எத்தகையது என்பதைச் சற்று விளங்கச் சொல்வோம். ஏனெனில் விபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நம் பெருநகர விமான நிலையங்களின் ஓடுதளங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ளவை. லுக்லாவின் ஓடுதளமோ 527 மீட்டர் நீளம்தான். அகலம் 30 மீட்டர். அதுவும் சமதளம் அன்று. நூற்றுக்குப் பதினொன்றே முக்கால் அளவுக்கு ஏறுமுகமாகச் சரிந்திருக்கிறது. கீழ்முனைக்கும் மேல்முனைக்கும் உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ 60 மீட்டர் ஆகிறது. கீழ்முனையில் தளம் முடிந்தவுடன் பள்ளத்தாக்கு தொடங்குகிறது; மேல்முனையில் கற்சுவரும் அதற்குப் பின்னால் மலையும் நிற்கின்றன.

இதனால் விமானங்கள் எப்போதும் கீழிருந்து மேல்நோக்கியே இறங்குகின்றன. மேலிருந்து கீழ்நோக்கியே கிளம்புகின்றன. இறங்கும்போது ஏற்றம் வேகத்தைக் குறைக்கிறது. கிளம்பும்போது இறக்கம் வேகத்தைக் கூட்டுகிறது. இவ்வளவு குறுகிய தளம் பயன்படுவதற்குக் காரணம் இந்தச் சரிவே. ஆகவே அந்தச் சரிவு ஒரு வகையில் வரம் எனலாம். ஆனால் அந்த வரத்துக்கு ஒரு விலை உண்டு. வேறு விமான நிலையங்களில், இறங்க வரும் விமானி ஏதேனும் சரியில்லை என்று கண்டால், கடைசி நொடியில்கூட மேலே எழும்பி ஒரு சுற்று சுற்றி மறுபடியும் வரலாம். லுக்லாவில் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் அது முடியாது. முன்னால் மலை, இருபுறமும் மலை. இறங்கியே தீரவேண்டும்.

உயரமான இடத்தில் காற்றும் மெலிந்திருக்கிறது. லுக்லாவின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். மெலிந்த காற்று சிறகைத் தாங்க வேண்டுமானால் விமானம் விரைந்து செல்ல வேண்டும். கடலோரத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும் அதே தாங்குதிறன் அங்கே கிடைக்க 115 கிலோமீட்டர் வேகம் வேண்டும். குறுகிய தளத்தில் கூடுதல் வேகம்! இதுவும் ஓர் இடர்.

மேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலைக் கதிரவன் மலைச்சரிவுகளைச் சூடாக்கியதும், பள்ளத்தாக்கின் கீழிருந்து காற்று மேல்நோக்கி எழத் தொடங்குகிறது. அதோடு மேகமும் மூடுபனியும் ஏறி வருகின்றன. மேலே ஏறி வரும் அக்காற்று, இறங்கும் விமானத்தை முதுகுப்புறமிருந்து தள்ளவும் செய்யும். ஆகவேதான் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் அதிகாலையிலும் முற்பகலிலுமே பறக்கின்றன. இருளிலும் பனியிலும் கருவிகளின் துணைகொண்டு விமானத்தை வழிநடத்தி இறக்கும் ஏற்பாடு லுக்லாவில் இல்லை. விமானி தளத்தைத் தன் கண்ணால் கண்டே இறங்க வேண்டும்.

இத்தகைய இடத்தில் யார் வேண்டுமானாலும் விமானம் ஓட்டிவிட முடியாது. குறுந்தளங்களில் நூறு முறையேனும் ஏறி இறங்கிய அனுபவமும், நேபாளத்தில் ஓராண்டுக்கு மேற்பட்ட அத்தகைய பயிற்சியும், தகுதி பெற்ற ஆசிரியரோடு லுக்லாவுக்கே பத்து முறை வந்து சென்ற பழக்கமும் உள்ளவர்க்கே அங்கே விமானத்தை இறக்க அனுமதி என்று விதி செய்யப்பட்டிருக்கிறது.

அந்த அக்டோபர் காலை

2001-ஆம் ஆண்டில் லுக்லாவின் மண்தளத்துக்குத் தார் போடப்பட்டது. 2008-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள் ஹில்லாரி தம் எண்பத்தெட்டாம் வயதில் காலமானார். டென்சிங் 1986-இலேயே மறைந்துவிட்டார். அந்த இருவரின் நினைவாக அதே ஜனவரியில் லுக்லா தளத்துக்கு டென்சிங் - ஹில்லாரி விமான நிலையம் என்று பெயர் சூட்டப்பட்டது. அதற்கு ஒன்பது மாதங்கள் கழிந்தபின் அந்த விபத்து நேர்ந்தது.

அக்டோபர் மாதம் மலையேறிகளின் மாதம். மழைக்காலம் ஓய்ந்து வானம் தெளியும் பருவம் அது. அக்டோபர் 8 அன்று காலை காட்மாண்டுவிலிருந்து எட்டி விமான நிறுவனத்தின் டுவின் ஆட்டர் விமானம் ஒன்று புறப்பட்டது. கனடா நாட்டில் செய்யப்பட்ட இவ்வகை விமானம் இரண்டு சுழலிகள் கொண்டது. குறுந்தளங்களில் இறங்குவதற்கென்றே பேர்பெற்றது. பயணிகள் பதினாறு பேர், பணியாளர் மூவர். பயணிகளில் பன்னிருவர் ஜெர்மானியர், இருவர் ஆஸ்திரேலியர், இருவர் நேபாளியர். மலைகளைக் காண வேண்டும் என்ற ஆசையோடு பல மாதம் திட்டமிட்டு வந்தவர்கள் அந்த அயல்நாட்டார். பயண நேரம் ஏறத்தாழ அரைமணிதான்.

காலை ஏழரை மணியளவில் விமானம் லுக்லாவை நெருங்கியபோது மூடுபனி சூழ்ந்திருந்தது. தளத்தைக் கண்ணால் காண்பது ஏறக்குறைய இயலாத நிலை. விமானம் வரவேண்டிய பாதைக்கு இடப்புறம் விலகியும், வரவேண்டிய உயரத்துக்குத் தாழ்ந்தும் வந்தது. தளத்தின் விளிம்பை எட்டுவதற்குச் சற்று முன்பாகவே அது மலைச்சரிவில் மோதியது, உடனே தீப்பற்றியது. தலைமை விமானி ஒருவர் மட்டும் இடிபாட்டிலிருந்து இழுத்து மீட்கப்பட்டுக் காட்மாண்டுவுக்குச் சிகிச்சைக்காகக் கொண்டுசெல்லப்பட்டார். பயணிகள் பதினாறு பேரும், எஞ்சிய பணியாளர் இருவரும் உயிரிழந்தனர். விமானம் இன்னும் சில மீட்டர் உயர்ந்து, சற்றே வலப்புறமாக வந்திருந்தால் அன்று அவர்கள் அனைவரும் லுக்லாவில் காலையுணவு உண்டிருப்பார்கள். அத்தளம் தரும் இடைவெளி அவ்வளவு சிறியது.

தாழ்ந்து வருவது ஏன்?

விமானப் பயிற்சியில் சொல்லித் தரப்படும் பாடம் ஒன்று உண்டு. ஏறுமுகமான தளத்தை நோக்கி வரும் விமானியின் கண் அவரை ஏமாற்றும். சமதளம் வானிலிருந்து படுத்திருப்பது போல் தோன்றும். ஏறுதளமோ எழுந்து நிற்பது போல் தோன்றும். அதனால், தாம் மிக உயரத்தில் வருகிறோம் என்ற மயக்கம் விமானிக்கு உண்டாகும். தம்மை அறியாமலே அவர் விமானத்தைத் தாழ்த்துவார். தெளிந்த வானில் சுற்றியுள்ள மலை, மரம், வீடு இவற்றைக் கண்டு அந்த மயக்கத்தைத் திருத்திக்கொள்ளலாம். பனி மூடினால் திருத்துவதற்கு ஒன்றும் இராது. 2008-ஆம் ஆண்டு விபத்தில் அன்று விமானியின் கண்ணுக்கு என்ன தோன்றியது என்று நாம் ஊகிக்க முற்படவில்லை. ஆனால் இத்தகைய தளத்தில் பனிமூட்டம் ஏன் இரட்டிப்பு ஆபத்தாகிறது என்பதை விளங்கிக்கொள்ள இப்பாடம் உதவும்.

2017-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் இதே போன்ற துயரம் அங்கே மீண்டும் நேர்ந்தது. சரக்கு ஏற்றி வந்த சிறு விமானம் ஒன்று, மோசமான வானிலையில் தளத்தின் விளிம்புக்குச் சற்றுக் கீழே மோதி விழுந்தது; விமானி, துணை விமானி இருவரும் மாண்டனர். மறுமுனையில் நேர்ந்த விபத்தும் உண்டு. 2010-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு விமானம் இறங்கியபின் வேகம் அடங்காமல் ஓடி, மேல்முனைக் கற்சுவரில் மோதியது. நல்லவேளையாக அதில் உயிர்ச்சேதம் இல்லை. கீழே பள்ளம், மேலே சுவர்; இரண்டுக்கும் இடையே 527 மீட்டர்!

கட்டியவருக்கு நேர்ந்த துயரம்

அப்படியானால் அந்தத் தளத்தைக் கட்டாமலே இருந்திருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அக்கேள்விக்கு விடையாக ஹில்லாரியின் வாழ்க்கையிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு.

1975-ஆம் ஆண்டு அவர் பாப்லு என்னும் மற்றொரு மலையூரில் ஒரு மருத்துவமனையைக் கட்டிக்கொண்டிருந்தார். மார்ச் 31-ஆம் நாள் அவருடைய மனைவி லூயிஸும் பதினாறு வயது மகள் பெலிண்டாவும் காட்மாண்டுவிலிருந்து ஒரு சிறு விமானத்தில் அவரிடம் புறப்பட்டனர். விமானம் தரையை விட்டு எழும்பிய சிறிது நேரத்திலேயே விழுந்து நொறுங்கியது. அதில் இருந்தோர் அனைவரும் இறந்தனர். பாப்லுவில் அவர்கள் வரவுக்காகக் காத்திருந்த ஹில்லாரியிடம், ஹெலிகாப்டரில் வந்தவர்கள் அந்தச் செய்தியைச் சொன்னார்கள்.

சிறு விமானம் மலைநாட்டுக்கு என்ன கொடுக்கும், என்ன எடுத்துக்கொள்ளும் என்பதை அவரைப்போல் அறிந்தவர் யார்? அவர் நெடுங்காலம் ஆறாத் துயரில் மூழ்கினார். ஆயினும் பாப்லு மருத்துவமனை பாதியில் நிற்கவில்லை, கட்டி முடிக்கப்பட்டது. அவர் நேபாளத்துக்கு வருவதையும் நிறுத்தவில்லை. விமானமே வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் அதை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் அப்படிச் சொல்வதன் பொருள், மலையில் இருப்பவர்கள் மருந்தின்றி இருக்கட்டும் என்பதாகிவிடும் அன்றோ?

ஆகவே தளத்தைக் கட்டியது தவறு என்று நாம் கூற மாட்டோம். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. மருத்துவமனைக்குப் பொருள் கொண்டுவரும் சில விமானங்களுக்காகக் கட்டப்பட்ட அதே தளத்தின் வழியாகத்தான், பின்னர் ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் வந்து போகலாயினர். மலை விலகவில்லை, பனி குறையவில்லை. வருகிறவர்களின் எண்ணிக்கையும் அவசரமும் மட்டும் பெருகின.

திரும்பிச் செல்லும் உரிமை

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். இத்தகைய இடத்தில் காப்பு எதில் இருக்கிறது? நல்ல விமானத்தில் ஒரு பங்கு; தேர்ந்த விமானியிடம் ஒரு பங்கு. எஞ்சிய பெரும்பங்கு, "இன்று வேண்டாம், திரும்பிவிடலாம்" என்று உரிய நேரத்தில் சொல்லும் உரிமையில் இருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டுமுன் தளம் தெளிவாகத் தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் திரும்ப வேண்டும். தாண்டியபின் எந்தத் திறமையும் துணைக்கு வாராது.

ஆனால் திரும்புவதற்கு எதிராக எத்தனை நெருக்கடிகள்! அங்கே வானிலை கெட்டால் நாள் கணக்கில் விமானம் வராது. இருபுறமும் பயணிகள் தேங்கி நிற்பார்கள். விடுமுறை நாள் கரைகிறதே என்று ஒருவர் புலம்புவார். ஊருக்குத் திரும்பும் விமானம் தவறிவிடுமே என்று மற்றொருவர் முறையிடுவார். திரும்பி வந்த விமானத்துக்கு எரிபொருள் வீண், பணம் நட்டம். இவை ஒவ்வொன்றும் சிறியவை, நியாயமானவையும்கூட. ஆனால் எல்லாம் சேர்ந்து விமானியின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டால் அவர் எப்படி நிதானமாக முடிவு செய்வார்? எந்த ஒரு விபத்துக்கும் இதுதான் காரணம் என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. தொலைதூர மலைத்தளங்கள் அனைத்திலும் இந்தச் சுமை உண்டு என்பதையே கூறுகிறோம்.

பங்கு மக்களே, நம்மில் பலர் லுக்லாவுக்குப் போகப் போவதில்லை. ஆனால் பேருந்து ஓட்டுநரிடமும், வேன் ஓட்டுநரிடமும், படகோட்டியிடமும், "நேரமாகிவிட்டது, கொஞ்சம் சீக்கிரம் போங்கள் அண்ணே" என்று சொல்லாதவர் நம்மில் எத்தனை பேர்? மழையைக் காரணம் காட்டி ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினால் முணுமுணுக்காமல் இருப்பவர் எத்தனை பேர்? "இப்போது போக முடியாது" என்று ஒருவர் சொல்லும்போது அவரை மதித்து அமைதியாகக் காத்திருப்பதும் உயிர் காக்கும் செயலே. அந்தப் பொறுமையைக் கடைப்பிடிக்க விமானியின் பயிற்சி தேவையில்லை. பயணிகளாகிய நாம் அனைவரும் அதைச் செய்யலாம்.

அறுபது ஆண்டுகளுக்கு முன் ஷெர்ப்பா மக்கள் காலால் மிதித்து இறுக்கிய மண்ணின்மேல், தார்ச்சாலையாகிவிட்ட அந்தத் தளத்தில், தெளிந்த காலைகளில் இன்றும் சிறு விமானங்கள் இறங்குகின்றன. பனி மூடிய காலைகளில் காட்மாண்டுவில் பயணிகள் மூட்டையோடு காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருப்பது வீண் என்று எவரும் எண்ண வேண்டாம்.